காணும் பொங்கலுக்கு ஒரு புதிர்

வாரப் பத்திரிகையில் அச்சாகி வரும் குறுக்கெழுத்துப் புதிரையும், பண்டிகைக்கு ஒன்றுகூடும் உறவினர்களுக்கென்றே வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கட்டம் போட்டுத் தயாரிக்கும் புதிரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உருவத்தில் பேதம் எதுவும் தெரியாது. இரண்டிலும் கறுப்பும் வெள்ளையுமான அறைகள், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்னும் இரண்டு வரிசைக் குறிப்புகள், அறைகளின் மூலையில் சிறிய எண்கள். ஆயினும் முன்னதன் விடைகளை, ஓர் அகராதியும் சிறிது பொது அறிவும் உள்ள எவரும் எந்த ஊரிலிருந்தும் கண்டுபிடித்துவிடலாம். பின்னதன் விடைகளோ, ஓட்டு வீட்டின் கொல்லைக் கொட்டிலில் ஒரு காலத்தில் நின்ற பசுவின் பெயராகவும், பெரியப்பா உத்தியோகத்தில் முதன்முதலாகப் போய்ச் சேர்ந்த ஊராகவும், சித்தியின் கல்யாணத்தன்று மழையில் நனைந்துபோன பலகாரமாகவும் இருப்பதால், அவற்றை அறிவதற்கு அந்தக் குடும்பத்து மனிதர்களைத் தவிர வேறு பிரமாணம் கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் இவ்வகைப் புதிரின் இலக்கணம், ரஸம், தர்மம் யாவும் பிறக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் வீட்டில் இவ்வழக்கம் காணும் பொங்கலோடு சேர்ந்தது. போகியன்று பழையன கழிப்பதும், தைப்பொங்கலன்று சூரியனுக்குப் படைப்பதும், மறுநாள் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் தீட்டுவதுமாக முதல் மூன்று நாள்களுக்கும் செய்தாக வேண்டிய காரியங்கள் சம்பிரதாயமாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. நான்காம் நாளுக்கு மட்டும் மனிதர்களைப் பார்ப்பது என்பதைத் தவிர விதிக்கப்பட்ட காரியம் ஒன்றுமில்லை. பெரியவர்களை விழுந்து கும்பிட்டுக் காசு வாங்கிக்கொள்வதும், கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்வருவதும் முடிந்த பிற்பாடு, கூடத்தில் விரித்த பாய்களில் மூன்று தலைமுறை மனிதர்கள் சாய்ந்தும் சம்மணமிட்டும் இருக்கிற அந்தப் பிற்பகலில், ஒருவரையொருவர் பார்த்தாயிற்று, இனி என்ன பேசுவது என்கிற ஒரு தயக்கம் தலைகாட்டும். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தொழில்களில், ஆண்டு முழுவதும் பிரிந்திருந்தவர்களுக்கு அன்பு குறைந்துவிடுவதில்லை. பேச்சைத் தொடங்குவதற்கான நூல்முனைதான் கைக்கு அகப்படாமல் போகிறது. புதிர்த்தாளை நடுவில் வைப்பது அந்த முனையை எடுத்துக் கொடுப்பதற்காகவே.

பண்டிகைக்கும் சொற்புதிருக்கும் உள்ள இச்சம்பந்தம் நம் வீட்டில் தோன்றிய புதுமை அன்று. இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் குறுக்கெழுத்துப் புதிரே ஒரு பண்டிகைக்காகப் பிறந்ததுதான். லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைப் பகுதிக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் புதிதாக ஏதேனும் தரவேண்டும் என்று யோசித்து, வைரத்தின் வடிவில் அறைகளை அடுக்கி, 1913 டிசம்பர் 21-ஆம் தேதி வெளியிட்டதே அதன் முதல் உருவம். அவருக்கும் அரை நூற்றாண்டு முன்னதாக, ஆலிஸின் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல், 1861 கிறிஸ்துமஸுக்கு லிடெல் சகோதரிகள் மூவருக்கும் பரிசாக அளித்த கதைப்புத்தகத்தில், வரிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகக் கூட்டிப் படித்தால் அம்மூவரின் பெயர்களும் கிடைக்கும்படியாக ஒரு செய்யுளை எழுதிவைத்தார். பொழுது போகவில்லை என்று சொன்ன இரண்டு பெண்களுக்காக 1877 கிறிஸ்துமஸின்போது அவர் புனைந்த விளையாட்டு இன்னும் எளியது: ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக மாற்றிக்கொண்டே போய் வேறொரு சொல்லில் முடிக்க வேண்டும், இடையில் வருவன யாவும் பொருளுள்ள சொற்களாக இருக்க வேண்டும். தமிழில் இதை ஆடிப் பார்த்தால், 'கல்' என்பது 'வால்' ஆகி, 'வான்' ஆகி, 'பொன்' ஆவதற்கு மூன்றே மாற்றங்கள் போதும். கரோலின் இவ்விளையாட்டு 1879-இல் பத்திரிகையில் வெளியாகிப் பல்லாயிரம் பேரிடம் போய்ச் சேர்ந்தது உண்மையே. ஆனால் அது பிறந்தது பெயர் தெரிந்த இருவருக்காக என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

நம் மொழியிலோ இதற்குப் பூர்வீகம் மிக நீண்டது. விடுகதைக்குப் 'பிசி' என்று பெயரிட்டு, அதனைச் செய்யுள் வகைகளுள் ஒன்றாக வைத்து, இரண்டு கூறாகப் பிரித்தும் காட்டியிருக்கிறது தொல்காப்பியம். முன்னும் பின்னும் படித்தால் ஒன்றேயாகும் மாலைமாற்றில், சீர்காழிப் பதிக்கு ஒரு முழுப் பதிகமே பாடிவைத்தார் திருஞானசம்பந்தர். தண்டியலங்காரம் சொல்லணியியலில் எடுத்துரைக்கும் சித்திரகவிகளுள் எழுத்துகளைப் பாம்பின் உடலில் பொதிவதும், சக்கரத்தின் ஆரங்களில் நிறுத்துவதும், ஒரு செய்யுளுக்குள் வேறொரு செய்யுளை ஒளித்துவைப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் பண்டிதர்களின் கழைக்கூத்து என்று ஒதுக்கிவிடுகிற மனோபாவம் நமக்குள் வளர்ந்துவிட்டது. கவிதையின் அளவுகோலால் அளக்கும்போது அத்தீர்ப்பில் நியாயமும் இருக்கலாம். ஆனால் குடும்பப் புதிர் செய்ய உட்காருகிறவனுக்கு அங்கே கிடைக்கும் யுக்திகள் வற்றாத களஞ்சியம். வினாவுத்தரம் என்ற ஒன்றை மட்டும் சொல்கிறேன். சில வினாக்களுக்குத் தனித்தனியே விடை கண்டு, அவ்விடைகளைச் சேர்த்தால் கடைசி வினாவுக்கு விடை வரவேண்டும் என்பது அதன் அமைப்பு. ஒரு பொங்கலுக்குப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டேன்: முக்கனியில் முதற்கனி தருகிற மரம் எது? அரசனுக்குப் பழந்தமிழில் இரண்டு எழுத்தில் வழங்கும் பெயர் என்ன? இரண்டையும் சேர்த்தால், முந்தாநாள் பொங்கல் சீரோடு வாசலில் வந்து நின்றவர் யார்? முதல் விடை 'மா' என்பதும், இரண்டாவது 'மன்' என்பதும் வாயிலிருந்து வந்த மாத்திரத்தில், கூடத்திலிருந்த குழந்தைகள் அனைவரும் திரும்பித் தங்கள் மாமனைப் பார்த்தார்கள். வெல்லமும் அரிசியும் கரும்பும் மஞ்சள் கொத்துமாக ஆண்டு தவறாமல் தமக்கையின் வீட்டுக்குச் சுமந்துவருகிற அம்மனிதருக்கு, அச்சீரைப் பற்றி நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடையே இல்லை. சொன்னால் அது அந்நியமாகவும் படும். ஒரு புதிரின் விடையாக அவர் நின்றது பொருத்தமான மரியாதையாக எனக்குத் தோன்றியது.

தமிழில் கட்டம் போடுவதிலுள்ள சிரமத்தையும், அச்சிரமத்திலேயே இருக்கிற அழகையும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247. ஓர் அறைக்கு ஓர் எழுத்து என்பது விதியானால், ககரத்தில் தொடங்கும் சொல் காகாரத்தின்மேல் வந்து உட்கார முடியாது. இரண்டு சொற்கள் சந்திப்பதற்கு மெய்யும் உயிரும் ஒருங்கே ஒத்துவர வேண்டும். மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்கிற இலக்கணம் வேறு குறுக்கே நிற்கிறது. 'பொங்கல்' என்ற சொல்லைக் குறுக்காக எழுதினால் பொ, ங், க, ல் என நான்கு அறைகள். அவற்றுள் 'ங்', 'ல்' என்னும் இரண்டு புள்ளியெழுத்துகளிலிருந்து எந்தச் சொல்லும் கீழ்நோக்கிப் புறப்பட இயலாது. ஆனால் மேலேயிருந்து இறங்கிவரும் சொல் அவற்றைக் கடந்துபோகலாம். 'தேங்காய்' இரண்டாம் அறையின் 'ங்' வழியாக இறங்கும். 'வெல்லம்' நான்காம் அறையின் 'ல்' வழியாக இறங்கும். இடையிலே ஓர் அறை இடைவெளி இருப்பதால் ஒன்றையொன்று முட்டுவதும் இல்லை. பொங்கலும் தேங்காயும் வெல்லமும் இப்படி எழுத்திலேயே கலந்து நிற்பதை முதன்முதலில் காகிதத்தில் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட கணினி நிரல்கள் சில, 'பொ' என்பதைப் பகரமும் ஒகரக் குறியுமாக உடைத்து இரண்டாக எண்ணிவிடுகின்றன. ஆகையால் கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் பென்சிலும் அழிப்பானும் இன்றும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

ஆனால் எழுத்து பொருந்திவருவதோடு காரியம் முடிந்துவிடவில்லை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல்லைச் சந்திக்கச் செய்வது என்பதில்தான் செய்கிறவனின் விவேகம் முழுவதும் இருக்கிறது. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் களத்துமேட்டில் நெல் அளந்த காலம் அவருக்கு விரல்நுனியில் இருக்கிறது. '12 சேர்ந்தால் ஒரு கலம்' என்னும் குறிப்பை யாரேனும் உரக்கப் படித்தால், 'மரக்கால்' என்று அவர் உடனே சொல்லிவிடுவார். மடியில் சாய்ந்திருக்கும் பேரனுக்கு அச்சொல் காதில் விழுந்ததே இல்லை. அந்த 'மரக்கால்' என்னும் ஐந்தெழுத்தில் நான்காவதாகிய 'கா'விலிருந்து கீழே இறங்குகிற சொல்லை, 'பள்ளியில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இந்த ஆண்டு கோப்பை வென்ற ஆட்டம்' என்று வைத்தால் அது 'கால்பந்து'. பேரனுக்கு அது தெரியும், பெரியம்மாவுக்குத் தெரியாது. ஓர் எழுத்தை இருவரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், அவன் மரக்கால் என்றால் என்ன என்று கேட்கிறான். அவர், கையால் வட்டமிட்டு அதன் வாயகலத்தைக் காட்டி, முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று சொல்லி அளந்ததைச் சொல்கிறார். பிறகு அவர் தம் பங்குக்கு, அந்தப் பந்தைக் கையால் தொடவே கூடாதா என்று விசாரிக்கிறார். ஒருவருக்கொருவர் உபதேசம் செய்யாமல், பெருமை பேசாமல், வேண்டிய ஓர் எழுத்துக்காகவே கேட்டுக்கொள்ளும் இந்தக் கேள்விகள் எவ்வளவு இயல்பாக இருக்கின்றன என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

ஆகவே, குடும்பப் புதிர் ஒன்றைத் தனியொருவர் முழுமையாக நிரப்பிவிட முடியுமானால் அது எத்தனை சாமர்த்தியமாக அமைக்கப்பட்டிருந்தாலும் தன் காரியத்தில் தோற்றுவிட்டது என்பதே என் துணிபு. கூடத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு சொல்லுக்கேனும் உரியவராக இருக்க வேண்டும். அந்தச் சொல்லை அவர் கொடுத்தால் அல்லாது மற்றவர்களுக்குக் கிடைக்கவும் கூடாது. இதைச் செய்ய முனைகிறவர், மார்கழி பிறந்ததுமே ஒவ்வொருவரையும் தனித்தனியே நினைத்துப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. இவர் எதை அறிவார், இவருக்கு மட்டும் தெரிந்தது எது, எதைக் கேட்டால் இவர் முகம் மலரும் என்று உறவினர் ஒவ்வொருவரைப் பற்றியும் சிறிது நேரமாவது சிரத்தையோடு சிந்திப்பது, வாழ்நாளில் நாம் அபூர்வமாகச் செய்கிற காரியம். கலகலவென்று பேசுகிறவர்களுக்குச் சொல் தேடுவது சுலபம். வந்து ஓரமாக உட்கார்ந்து, சாப்பிட்டு, யாரிடமும் அதிகம் பேசாமல் கடைசிப் பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிடுகிற ஒரு சித்தப்பா எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார். அவருக்குரிய சொல் என்னவென்று யோசிக்கும்போதுதான், அவரைப் பற்றி நாம் எவ்வளவு சொற்பமாக அறிந்து வைத்திருக்கிறோம் என்பது தெரியவருகிறது.

இங்கே பரிசுப் போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் குறுக்கெழுத்துப் போட்டி என்றாலே நம் நாட்டில் பணப் பரிசு என்று அர்த்தமாகியிருந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும்படி குறிப்பை அமைத்து, எது சரியானது என்பதை முத்திரையிட்ட உறைக்குள் வைத்துக்கொண்டு நடத்தப்பட்ட போட்டிகளில் அறிவைவிட அதிர்ஷ்டமே பிரதானமாயிற்று. 1955-ஆம் ஆண்டில் மத்திய அரசு இதற்கென்றே சட்டம் இயற்றி, மாதத்துக்குப் பரிசுத் தொகை மொத்தம் 1,000 ரூபாய்க்கும், வந்து சேரும் விடைத்தாள்கள் 2,000-க்கும் மிகக் கூடாதென்று வரம்பு கட்டியது. இதை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. விடை ஒன்றாக இருப்பதும், அது நிரூபிக்கக் கூடியதாக இருப்பதும் எந்தப் புதிருக்கும் நாணயம். குடும்பப் புதிரில் அந்த நாணயத்தைக் காப்பது பத்திரிகைப் புதிரைக் காட்டிலும் கடினம். ஏனெனில் ஞாபகங்கள் ஒத்துப்போவதில்லை. தாத்தா குடும்பத்தோடு முதலில் குடியேறியது கும்பகோணத்திலா மாயவரத்திலா என்பதில் உடன்பிறந்தவர்களே இரண்டு கட்சியாக நிற்பார்கள். அப்போது பழைய கல்யாணப் பத்திரிகைகளையும், பள்ளிச் சான்றிதழ்களையும், கிரயப் பத்திரத்தையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாக வேண்டும். ஆறு எழுத்துள்ள ஒரு சொல்லுக்காகத் தொடங்கிய தேடல், யாரும் கேட்காமல் கிடந்த ஒரு வரலாற்றில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. தஸ்தாவேஜும் தீர்த்துவைக்காத இடத்தில் அச்சொல்லைக் கைவிட்டுவிடுவதே உத்தமம். பண்டிகை நாளில், வயதான ஒருவரின் ஞாபகத்தைத் தவறென்று கட்டத்துக்குள் எழுதிக் காட்டுவது முறையாகாது.

கேட்கத் தகாதவை இன்னும் பல. நின்றுபோன கல்யாணம், விற்றுப்போன நிலம், பிறக்காத குழந்தை, தேறாத பரீட்சை, சகோதரர்களுக்கிடையே பேச்சை நிறுத்திய பாகம் பிரித்தல், இவையெல்லாம் எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருப்பவை. அதனாலேயே குறிப்பெழுதச் சுலபமானவை. ஒருவரைச் சிரிக்கவைத்து இன்னொருவரைத் தலைகுனியச் செய்கிற பட்டப்பெயர்களையும் இவற்றோடு சேர்க்கிறேன். சம்பந்தப்பட்டவர் தாமே அதைச் சொல்லி மகிழ்கிறவராக இருந்தாலன்றி அதைத் தொடுவதற்குப் புதிர் செய்கிறவனுக்கு உரிமை இல்லை.

மறைந்தவர்களைப் பற்றிய பிரச்னை இதினும் நுட்பமானது. துக்கம் நிகழ்ந்த ஆண்டில் எங்களுக்குப் பொங்கல் இல்லை. ஆகவே புதிரும் இல்லை. அடுத்த தையில் மறுபடியும் பானை ஏறும்போது, போனவரின் சொல்லைச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வி எழுகிறது. விட்டுவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் மென்மையான மனம் படைத்தவர்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஒரு சொல்லுக்கு உரியவராக இருந்தவரை அந்தத் தாளிலிருந்து நீக்கிவிட்டால், எல்லோரும் அவரையே நினைத்துக்கொண்டு, ஒருவரும் வாய்திறக்காமல் இருக்கிற நிலைதான் உண்டாகும் என்பது என் அனுபவம். சின்னப் பாட்டி போன மறு வருஷத்துக் கட்டத்தில் 'அதிரசம்' என்ற சொல்லை வைத்து, 'பாகின் பதத்தைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் இப்போது இதைச் செய்பவர் யார்?' என்று குறிப்பெழுதினேன். அவருடைய பெயரை நான் எழுதவில்லை. சொல்லை அத்தை சொன்னார். சொல்லிவிட்டு, மாவை எத்தனை நாள் ஊறவைத்து எடுக்க வேண்டும் என்று பாட்டி தனக்குக் கற்றுக்கொடுத்ததையும், அந்தப் பக்குவம் தனக்கு இன்னும் வசப்படவில்லை என்பதையும் சொன்னார். இளைய மருமகள் ஒருத்தி எழுந்துபோய்க் காகிதம் கொண்டுவந்து அதைக் குறித்துக்கொண்டாள். துக்கத்தைத் தவிர்ப்பதைக் காட்டிலும், துக்கத்துக்குச் செய்ய ஒரு வேலை கொடுப்பது மேல் என்று அன்று பட்டது. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

மருமகள் என்று சொன்னதும், நெடுங்காலம் என் மனத்தை உறுத்திவந்த ஒரு விஷயத்தையும் எழுதிவிட வேண்டும். குடும்பப் புதிர் என்று நாம் செய்வது பெரும்பாலும் பிறந்தவர்களின் புதிராகவே இருந்துவிடுகிறது. தூர்ந்துபோன கிணறு, இடிந்துபோன கொட்டில், தாத்தா ஓட்டிய வில்வண்டி என்று ஒரு வீட்டின் பழமையை நாம் அடுக்கிக்கொண்டு போகும்போது, அவ்வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது ஆண்டு உழைத்த பெண், அதே கூடத்தில், தான் வருவதற்கு முன்னே மறைந்துவிட்ட ஒரு கிணற்றின் பெயர் தெரியாமல் விருந்தாளியைப்போல் உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்று அத்தனை பேருக்கும் சமைத்தவள் அவள். அவளுக்கும் ஒரு தெரு இருந்தது, ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அவள் தகப்பனார் வீட்டுத் திண்ணையிலும் யாரோ ஒரு பாட்டி விடுகதை போட்டார்கள். அவற்றிலிருந்து ஒரு சொல்லும் நம் கட்டங்களுக்குள் வந்ததில்லை என்றால், ஒருவரை உறவாக ஏற்பது என்பதன் பாதியை நாம் இன்னும் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும். மாப்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஆனால் வீட்டையே விட்டு வருகிறவர்கள் பெண்களாதலால் அவர்கள் விஷயத்தில் இந்தக் குறை கனமானது.

இந்த எண்ணம் வலுப்பட்ட பிறகு, சொல் சேகரிக்கும் நோட்டில் பிறந்தகம் என்று தனியே சில பக்கங்களை ஒதுக்கி, வீட்டுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துவருகிறேன். அவர்கள் பேசத் தொடங்கினால், தங்கள் கணவன்மார்களே கேட்டிராத பெயர்களும் ஊர்களும் வருகின்றன. அண்ணியிடம் அவர் படித்த பள்ளியைப் பற்றிக் கேட்டபோது, மைதானத்தின் ஓரத்தில் நின்ற இலந்தை மரத்தையும், அதன் பழத்துக்காக மணி அடித்த பிறகும் வகுப்புக்குப் போகாமல் நின்றதையும் சொன்னார். பக்கத்தில் இருந்த அண்ணன் அதை முதன்முறையாகக் கேட்டு வியந்தார். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்தவள். காவிரிப் பாசனத்தில் வளர்ந்த எங்களுக்கு வாய்க்காலும் மதகும் எப்படியோ, அப்படி அவளுக்குக் கண்மாயும் ஊருணியும். வருகிற தைக்குப் புதிர் செய்யும் பொறுப்பை அவளிடமே கொடுத்திருக்கிறோம். நோட்டை வாங்கிக்கொண்டவள், எத்தனை சொற்கள் தன் ஊரிலிருந்து வைத்துக்கொள்ளலாம் என்று தயங்கிக் கேட்டாள். உனக்கு வேண்டிய அளவு வைத்துக்கொள் அம்மா, தெரியாததை உன்னிடமே கேட்டு நிரப்பிக்கொள்கிறோம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.